பீட்ரூட் இலை: ஆட்டுக்கா, அடுப்புக்கா?

நுவரெலியா மாவட்டத்து ராகலைப் பக்கம் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். கணவர் அரை ஏக்கரில் பீட்ரூட்டும் லீக்ஸும் போடுகிறார். கைக்குழந்தைக்கு ஐந்து மாதம். கிளினிக்கில் ரத்தம் பார்த்து ஹீமோகுளோபின் 10.4 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அறுவடை நாளில் பாத்தி ஓரம் குவிந்து கிடக்கும் பீட்ரூட் இலையைப் பார்த்ததும் அவருக்கு ஒரு யோசனை: இதைக் கீரையாகச் சமைத்தால் என்ன, ரத்தம் ஊறுமா? மாமியார் விடவில்லை. "அது ஆட்டுக்குப் போடுறது. பிள்ள பெத்தவ தின்னா பிள்ளைக்கு வயித்தால போகும்" என்று சொல்லிவிட்டாராம்.

சமைக்கலாம். தாராளமாகச் சமைக்கலாம். கிழங்கைவிட இலையில்தான் சத்து அதிகம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் ரத்தம் ஊறுமா என்ற கேள்விக்கு அப்படி ஒரே போடாகப் பதில் சொல்ல முடியாது. அது இலையைவிட, அதைச் சாப்பிட்ட கையோடு நீங்கள் என்ன குடிக்கிறீர்கள் என்பதில்தான் தங்கியிருக்கிறது. அதனால்தான் இந்தப் பதில் கொஞ்சம் நீளும்.

நான் டாக்டர் இல்லை. கந்தப்பளைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து, மனையியல் படித்து, அதையே முப்பது வருடம் படிப்பித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். பீட்ரூட் இலை எனக்குப் புத்தகத்தில் வந்த விஷயம் இல்லை. சின்ன வயதில் லீவு நாட்களில் மரக்கறித் தோட்டத்துக்குக் கைகாசுக்குப் போவோம். பீட்ரூட்டைப் பிடுங்கி, மண்ணை உதறி, இடது கையில் கிழங்கையும் வலது கையில் இலைக்கொத்தையும் பிடித்து ஒரு முறுக்கு. கத்தி போடக் கூடாது, போட்டால் சாறு வடிந்து கிழங்கு வாடிவிடும். கிழங்கு சாக்குக்குப் போகும், இலை காலடியில் விழும். சாயங்காலம் லொறி வந்து சாக்குகளை ஏற்றிக்கொண்டு போன பிறகு, கிழங்கின் எடைக்குக் கொஞ்சமும் குறையாத ஒரு பச்சைக் குவியல் மேட்டில் கிடக்கும். மாடு வைத்திருப்பவர்கள் கட்டிக்கொண்டு போவார்கள். மீதி மழையில் அழுகும். அதை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் எங்கள் லயத்தில் ஒரே ஒரு ஆயாதான். அவரைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். 2022இல் கோதுமை மா விலை தலைக்கு மேலே ஏறியபோது எத்தனையோ பேர் அந்தக் குவியலுக்குப் போனார்கள். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

இத்தனைக்கும் இந்தச் செடியை மனிதர்கள் முதலில் சாப்பிட்டதே இலைக்காகத்தான். மத்தியதரைக் கடலோரத்தில் தானாக வளர்ந்த செடி அது. கிழங்கு பெருத்த வகையெல்லாம் பின்னால் வந்தவை. பெரிய ஓட்டல்களில் சுவிஸ் சார்ட் என்று ஒரு கீரை பரிமாறுவார்களே, அது வேறு செடி இல்லை. இதே பீட்ரூட் இனத்தில் இலைக்காகத் தெரிந்தெடுத்து வளர்த்த வகை. நம்முடைய தண்டுக்கீரையும் லயத்துக்குப் பின்னால் முளைக்கும் குப்பைக்கீரையும்கூட இதே குடும்பம்தான். பெயரில் கிழங்கு ஒட்டிக்கொண்டதால் இலையை நாம் கீரைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டோம்.

இனிச் சத்துக்கு வருகிறேன். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் உணவுப் பட்டியலில் கிழங்குக்கும் இலைக்கும் தனித்தனியாகக் கணக்கு இருக்கிறது. இரண்டையும் பச்சையாக 100 கிராம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிழங்கில் கல்சியம் 16 மில்லிகிராம், இலையில் 117. இரும்பு கிழங்கில் 0.8 மில்லிகிராம், இலையில் 2.6. விட்டமின் சி கிழங்கில் 5 மில்லிகிராம்கூட இல்லை, இலையில் 30. பொட்டாசியம் இரண்டு மடங்குக்கு மேல். விட்டமின் ஏ-யில்தான் பெரிய வித்தியாசம். கிழங்கில் வெறும் 2 மைக்ரோகிராம், இலையில் 316. பால் கொடுக்கும் தாய்க்கு ஒரு நாளைக்கு 850 மைக்ரோகிராம் விட்டமின் ஏ வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அப்படியென்றால் 100 கிராம் இலை அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தருகிறது. தண்டோடு சேர்த்து நடுத்தர இலை சில இருந்தாலே 100 கிராம் வந்துவிடும். வேகவைத்தால் ஒரு அகப்பை அளவுக்குச் சுருங்கும்.

கிழங்குக்கும் நியாயம் சொல்ல வேண்டும். போலிக் அமிலத்தில் கிழங்குதான் முன்னால் நிற்கிறது: 109 மைக்ரோகிராம். இலையில் அது 15 மட்டும். ரத்தம் உண்டாக இதுவும் தேவை. அதனால் இலை கிடைத்தது என்று கிழங்கை முழுவதும் லொறியில் ஏற்றிவிடாதீர்கள். ஒன்றிரண்டை வீட்டுக்கு எடுத்து வையுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று ஊரெல்லாம் நம்புகிறார்கள். அந்தச் சிவப்பு பீட்டானின் என்கிற ஒரு சாயம். அதில் இரும்பு கிடையாது. சிவப்பு நிறத்தை வைத்து ரத்தக் கணக்குப் போட்டால் செவ்வரத்தம்பூவும் மருந்தாகிவிடும். சத்து இருப்பது பச்சையில்.

சரி, 2.6 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது, அது உடம்பில் சேருகிறதா? இங்கேதான் நம்முடைய மலைநாட்டுக் கதை குறுக்கே வருகிறது.

மீன், இறைச்சியில் உள்ள இரும்பு ஒரு மாதிரி, கீரை, பருப்பில் உள்ள இரும்பு வேறு மாதிரி. முதல் வகையை உடம்பு லேசாக எடுத்துக்கொள்ளும். இரண்டாவது வகையில் பத்தில் ஒரு பங்கு சேர்ந்தாலே பெரிய காரியம். அது எவ்வளவு சேரும் என்பது கூட என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து ஏறும், இறங்கும். விட்டமின் சி கூட இருந்தால் ஏறும். கொஞ்சம் மீனோ கருவாடோ இருந்தாலும் ஏறும். தேயிலைச் சாயம் கூட வந்தால் சடாரென்று இறங்கும். தேயிலையில் உள்ள துவர்ப்பு, அதாவது நாக்கைப் பிடிக்கும் அந்தப் பொலிபீனோல், இரும்போடு ஒட்டிக்கொண்டு அதைக் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும். கடும் சாயம் சாப்பாட்டோடு சேரும்போது கீரை, தானியத்தில் இருந்து உடம்பு எடுக்கும் இரும்பு பாதிக்கும் கீழே போய்விடும் என்பதை 1970களில் இருந்தே திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

நம் வீடுகளில் எப்படி? விடிய எழும்பினால் பிளேன்டீ. ரொட்டியும் சம்பலும் தின்ற கையோடு பிளேன்டீ. மலையில் பத்து மணிக்குப் பிளேன்டீ. பகல் சோறு முடிந்ததும் பிளேன்டீ. நாம் பறித்த கொழுந்தே நம் ரத்தத்தைத் திருடுகிறது என்று வகுப்பில் சொல்வேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒரு நாள் காலைக் கூட்டத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அப்படியே சரிந்து விழுந்தாள். தண்ணீர் தெளித்து உட்கார வைத்து, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். "ரொட்டியும் தேத்தண்ணியும் மிஸ்." ராத்திரி? "ரொட்டி, கீரை, தேத்தண்ணி மிஸ்." கீரை இருந்திருக்கிறது, பாருங்கள். அவள் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், உள்ளே வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தது.

தேத்தண்ணீரை விடச் சொல்லவில்லை. சொன்னாலும் நம்மில் யார் விடப்போகிறோம்? நானும் விடவில்லை. இந்தக் குளிரில் அது இல்லாமல் முடியாது. நேரத்தை மட்டும் மாற்றுங்கள். கீரை சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரமாவது போகட்டும், அப்புறம் குடியுங்கள். சாப்பாட்டுக்கு முன்னாலும் அப்படியே. இடையில் விக்கினால் சுடுதண்ணீர் போதும். இந்த ஒரு மாற்றம், இன்னும் ஒரு கட்டுக் கீரை வாங்குவதைவிட அதிகம் செய்யும். அதற்குக் காசும் இல்லை.

இனி உங்கள் 10.4-ஐப் பார்ப்போம். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் ரத்தச்சோகை என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு. அப்படியென்றால் உங்களுக்கு இப்போது இருப்பது கீரையால் மட்டும் நிரப்பக்கூடிய பள்ளம் இல்லை. கணக்கைப் பாருங்கள்: 100 கிராம் இலையில் 2.6 மில்லிகிராம், கிளினிக்கில் கொடுக்கும் ஒரு மாத்திரையில் பொதுவாக 60 மில்லிகிராம் அளவில் இரும்பு. பள்ளத்தை மாத்திரை நிரப்பும், மறுபடி விழாமல் சாப்பாடு தாங்கும். மாத்திரையை அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு பீட்ரூட் இலையை நம்பாதீர்கள். வயிற்றைப் பிரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பாதியில் நிறுத்தும் தாய்மார் நிறையப் பேர். கறுப்பாகப் போவது மாத்திரையின் வேலைதான், பயப்பட ஒன்றுமில்லை. பிரட்டினால் குடும்பநல மாதுவிடம் சொல்லுங்கள், வேளையை மாற்றித் தருவார். மாத்திரையைத் தேத்தண்ணீரில் விழுங்க வேண்டாம். தேசிக்காய் பிழிந்த தண்ணீர் நல்லது. கல்சியம் மாத்திரையும் தந்திருந்தால் இரண்டையும் ஒன்றாகப் போடாமல் ஒன்று காலை, மற்றது ராத்திரி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பூச்சி மாத்திரையையும் கேளுங்கள். ரத்தம் குறைவதெல்லாம் சாப்பாட்டுக் குறையால் மட்டும் இல்லை. வெறுங்காலோடு மண்ணில் நிற்பவர்களுக்குக் கொக்கிப் புழு ஏறி உள்ளே இருந்தே ரத்தம் குடிக்கும். இது புதிய கதை இல்லை. 1916இலேயே ராக்பெல்லர் அறக்கட்டளை இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப் புழுவை ஒழிக்கும் வேலையைத் தொடங்கியிருக்கிறது. மரக்கறித் தோட்டத்தில் இறங்கும்போது சப்பாத்துப் போடுங்கள்.

கல்சியம் பற்றி ஒரு உண்மை. 117 மில்லிகிராம் என்று மேலே பெருமையாக எழுதினேன், அது பட்டியலில் இருக்கும் கல்சியம். வயிற்றுக்குள் கதை வேறு. பீட்ரூட் இலையில் ஒட்சாலிக் அமிலம் நிறைய. வெறும் இலையைக் கடித்தால் பல் கூசுகிற மாதிரி இருக்கிறதே, அதற்குக் காரணம் இதுதான். அது கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதே குடும்பத்து ஸ்பினாச் கீரையில் செய்த சோதனையில், பாலில் இருந்து நாலில் ஒரு பங்குக்கு மேல் கல்சியம் சேர்ந்தபோது கீரையில் இருந்து இருபதில் ஒரு பங்குதான் சேர்ந்தது. ஆகவே எலும்புக்காக இந்த இலையை நம்ப வேண்டாம். கண்ணுக்கும் தோலுக்கும் நோய் எதிர்ப்புக்கும் விட்டமின் ஏ, மலச்சிக்கலுக்கு நார் (100 கிராமில் 3.7 கிராம் இருக்கிறது), இரத்த அழுத்தத்துக்குப் பொட்டாசியம், இவற்றுக்காக நம்புங்கள்.

சிறுநீரகக் கல் வந்தவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். அவர்கள் இலையை நிறையத் தண்ணீரில் கொதிக்க வைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் சமைக்க வேண்டும். கல்லுக்குக் காரணமாகும் அந்த ஒட்சாலிக் அமிலத்தில் நல்ல பங்கு அதோடு போய்விடும். விட்டமின் சி-யும் கொஞ்சம் போகும், அதைத் தேசிக்காயில் ஈடு செய்யலாம். அடிக்கடி கல் வருகிறவர்கள் இதை விட்டுவிட்டு வேறு கீரை பார்ப்பது மேல். சிறுநீரகம் பழுதாகிப் பொட்டாசியம் குறைக்கச் சொல்லப்பட்டவர்களும் அப்படியே. இருதயத்துக்கு வாஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) குடிப்பவர்கள் வீட்டில் இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் திடீரென்று தினமும் சமைக்க ஆரம்பிக்காதீர்கள். இதில் விட்டமின் கே மிக அதிகம், 100 கிராமில் 400 மைக்ரோகிராம். அது அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும்.

இப்போது சமையல். இதில் நான் கொஞ்சம் கறார்.

குருத்தும் நடுத்தர இலையும் எடுங்கள். மஞ்சளானதையும், நரையான வட்டப் புள்ளி விழுந்ததையும், இலைக்குள்ளே வெள்ளைக் கோடு கோடாகப் புழு ஓடியதையும் தள்ளுங்கள். தண்டின் உட்பக்கம் ஒரு வாய்க்கால் மாதிரிக் குழிந்திருக்கும். மண் தங்குவது அங்கேதான். அதனால் முதலில் தண்டை இலையில் இருந்து பிரித்து, விரலால் அந்தக் குழியை உருவிக் கழுவுங்கள். மூன்று தண்ணீர் மாற்ற வேண்டும். கடைசித் தண்ணீர் லேசாக இளஞ்சிவப்பாக வரும், அது அழுக்கில்லை. பாத்திரத்தின் அடியில் விரலை வைத்துப் பார்த்தால் மணல் நறநறக்கக் கூடாது, அதுதான் கணக்கு.

தண்டைப் பயற்றங்காய் மாதிரிப் பொடியாக வெட்டுங்கள். இலையைச் சுருட்டி மெல்லிசாக அரியுங்கள். கழுவிய பிறகுதான் அரிய வேண்டும். அரிந்து கழுவினால் சத்து தண்ணீரோடு போகும். சட்டியில் கொஞ்சம் எண்ணெய், கடுகு, வெங்காயம், பச்சமிளகாய், கருவேப்பிலை, இரண்டு பல் பூண்டு. தலை கிள்ளிக் கழுவிய நெத்தலிக் கருவாடு ஒரு பிடியை இதிலேயே பொரிய விடுங்கள். நெத்தலியை முள்ளோடு தின்கிறோம், அதனால் இலை தராத கல்சியத்தை அது தருகிறது. இலையின் இரும்பு சேரவும் உதவுகிறது. பிறகு தண்டு. மூன்று நிமிடம் கழித்து இலை. மூட வேண்டாம், மூடினால் நிறம் செத்துப் பழுப்பாகிவிடும். இலை சுருண்டு ஈரம் வற்றியதும் ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ, சிட்டிகை மஞ்சள், ஒரு பிரட்டு. தேங்காயைச் சேர்ப்பது ருசிக்கு மட்டும் இல்லை, இதில் உள்ள விட்டமின் ஏ உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும்.

உப்பைக் கடைசியில், ருசி பார்த்த பிறகு போடுங்கள். மற்றக் கீரைக்குப் போடுகிற அளவு போட்டால் வாயில் வைக்க முடியாது. கருவாட்டில் உப்பு இருக்கிறது என்பது ஒரு பக்கம். இந்த இலையே பிறவியில் உப்புச் சேர்ந்தது, 100 கிராமில் 226 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. நான் முதல் தடவை சமைத்து முழுச் சட்டியையும் கொட்டியிருக்கிறேன். அடுப்பை அணைத்து, சூடு கொஞ்சம் தணிந்த பிறகு தேசிக்காய்ப் புளி. கொதிக்கும் சட்டியில் பிழிந்தால் விட்டமின் சி வீண்.

சைவ வீடென்றால் நெத்தலிக்குப் பதில் மைசூர்ப் பருப்பை அரைவேக்காடாக அவித்துச் சேர்க்கலாம். அதுவும் நன்றாகத்தான் இருக்கும், தேசிக்காயை மட்டும் மறக்காதீர்கள். அரிந்த இலையைக் கோதுமை மாவோடு பிசைந்து ரொட்டி தட்டினால் பச்சையும் சிவப்புமாகப் புள்ளி போட்ட ரொட்டி வரும். கீரையைத் தொடாத என் பேரன் அதைத் தின்கிறான்.

மருந்து விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதியதெல்லாம் பாவம். பீட்ரூட்டுக்கு இலைப்புள்ளி நோய் வருவதால் பூஞ்சண மருந்து அடிப்பார்கள், இலைப் புழுவுக்குப் பூச்சி மருந்து அடிப்பார்கள். விற்கப்போவது கிழங்கு என்பதால் இலையில் எவ்வளவு விழுகிறது என்று யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. அதனால் யாரோ ஒருவரின் தோட்டத்துக் குவியலில் இருந்து கேட்காமல் அள்ளிக்கொண்டு வராதீர்கள். உங்களுக்கு அந்தக் கவலை பாதி குறைவு, அடிப்பவர் உங்கள் வீட்டுக்காரர்தான். மருந்துப் போத்தல் லேபலில், அடித்து எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம் என்று போட்டிருக்கும். கடைசியாக எப்போது அடித்தார், அந்த நாள் தாண்டிவிட்டதா என்று கேளுங்கள். கழுவினால் எல்லாம் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். சில மருந்து இலைக்குள்ளேயே ஏறிவிடும், அது தண்ணீருக்கு அசையாது. இன்னும் நல்லது, பாத்தியின் ஒரு மூலையில் இருபது முப்பது செடியை வீட்டுக்கென்று ஒதுக்கி, அதற்கு மருந்தே அடிக்காமல் விடுவது. புழு நாலு இலையைத் தின்னும், தின்னட்டும்.

அந்தச் செடிகளில் அறுவடை வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். கிழங்கு பெருக்கும்போதே செடிக்கு ஒன்று, இரண்டு வெளி இலையாக வாரம் ஒரு தடவை முறிக்கலாம். அதற்கு மேல் முறித்தால் கிழங்கு சிறுக்கும், வீட்டுக்காரர் முகமும் சிறுக்கும். தோட்டம் இல்லாதவர்கள் பழைய உரப் பையில் மண் நிரப்பி லயத்து வாசலில் நாலு விதை போட்டாலே போதும். ஒவ்வொரு பீட்ரூட் விதையும் உண்மையில் ஒரு விதைக்கொத்து, ஒன்றில் இருந்து இரண்டு மூன்று முளை வரும். கலைத்துப் பிடுங்கும் பிஞ்சுச் செடியையும் எறிய வேண்டாம், அதைப்போல மெத்தென்ற கீரை வேறில்லை.

கடைசியாக மாமியார். அவரை முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆட்டுக்கு இந்த இலையை ஒரேயடியாகப் போட்டால் கழியும், அதை அவர் கண்ணால் கண்டிருப்பார். அந்த அனுபவத்தில் இருந்துதான் சொல்கிறார். மனிதருக்கும் வெறும் வயிற்றில் ஒரு சட்டி தின்றால் வயிறு கலங்கலாம். ஆனால் சோற்றோடு ஒரு அகப்பை, வாரத்தில் இரண்டு மூன்று நாள் என்றால் உங்களுக்கும் ஒன்றும் ஆகாது, பால் குடிக்கும் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகாது. முதல் நாள் பாதி அகப்பையாகப் போட்டு, மாமியாருக்கும் பரிமாறுங்கள். மறுநாள் காலையில் உங்களில் யாருக்காவது சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போகலாம். அது ரத்தம் இல்லை, முன்னே சொன்ன அதே சாயம், ஒரு நாளில் போய்விடும். இதை அவரிடம் சமைப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள், பிறகு சொன்னால் நம்ப மாட்டார்.

பிள்ளைக்கு நேரடியாக இந்தக் கீரையை இப்போது ஊட்ட வேண்டாம். ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான். ஆறு மாதம் முடிந்த பிறகு, அன்றைக்குச் சமைத்து மசித்ததில் ஒரு தேக்கரண்டியில் இருந்து தொடங்கலாம். இந்த இலையில் நைட்ரேட் என்கிற உப்பு அதிகம், சமைத்து வெளியே கிடந்தால் அது பிள்ளைக்குக் கெடுதலாக மாறலாம் என்பதால் காலையில் சமைத்து வெளியே இருந்ததைச் சாயங்காலம் சூடாக்கிப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. மிஞ்சியதை ஆட்டுக்கே போடுங்கள்.